வேங்கிக்கு வாக்கப்பட்ட பெண்கள் – 5: முடிசூட்டாத நான்கு ஆண்டுகள்

1018ஆம் ஆண்டு. வேங்கி மன்னன் விமலாதித்தன் கண்ணை மூடினான்.

பட்டத்துக்கு வந்து ஏழே ஆண்டுகள். இரண்டு அரசியர், ஆளுக்கொரு மகன். சோழர் வீட்டுக் குந்தவை பெற்றவன் ராஜராஜன். அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் அவனுக்கு. மேளமா என்ற அரசி பெற்றவன் விஜயாதித்தன்.

மன்னன் போனால் உடனே அடுத்தவனுக்குப் பட்டம் கட்டுவதுதான் வழக்கம். நாட்டைத் தலையில்லாமல் விடமாட்டார்கள். ஆனால் குந்தவையின் மகனுக்கு முடிசூட்டிய நாளைச் செப்பேட்டில் தேடினால் 1022 என்று வருகிறது.

நடுவே நான்கு ஆண்டுகள். அவற்றில் நடந்ததுதான் இந்த வாரக் கதை.

* * *

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு முன்கதை.

973இல் வேங்கி மன்னன் தானார்ணவனைக் கொன்றுவிட்டு ஜடாசோட பீமன் நாட்டைப் பிடித்தான். தானார்ணவனின் பிள்ளைகள் சக்திவர்மனும் விமலாதித்தனும் உயிர் தப்பி ஓடி, கடைசியில் சோழரிடம் அடைக்கலம் புகுந்தார்கள். இருபத்தேழு ஆண்டுகள் சொந்த நாடு அடுத்தவன் கையில் இருந்தது. முதலாம் ராஜராஜன் படை நடத்திப் பீமனை ஒழித்தான். 1000ஆம் ஆண்டை ஒட்டி அண்ணன் சக்திவர்மன் அரியணை ஏறினான். தம்பி விமலாதித்தனுக்கு ராஜராஜன் தன் மகளையே கட்டிக்கொடுத்தான்.

அந்த மகள்தான் குந்தவை. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் மனத்தில் இருக்கும் குந்தவைப் பிராட்டியார் வேறு. அவர் ராஜராஜனின் அக்கா, வந்தியத்தேவரின் மனைவி. அக்கா பெயரைத்தான் ராஜராஜன் மகளுக்கு வைத்திருந்தான். அத்தை சோழநாட்டிலேயே வாழ்ந்து, தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பொன்னும் திருமேனிகளும் கொடுத்து, கல்லில் பெயர் பொறித்துக்கொண்டார். மருமகளோ கொள்ளிடம், பாலாறு, வடபெண்ணை, கிருஷ்ணை என்று ஆறாறாகத் தாண்டி, எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறு மொழி பேசும் நாட்டுக்குப் போனாள்.

அண்ணனுக்குப் பிறகு 1011 மே 10ஆம் தேதி, ஒரு வியாழக்கிழமை, விமலாதித்தன் முடிசூடினான். மாமனார் செய்த உதவியை அவன் மறக்கவில்லை. ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டில் திருவையாற்று ஐயாறப்பர் கோயிலுக்கு வெள்ளிக் கலசங்கள் கொடுத்தான். வேங்கி மன்னன் காவிரிக் கரைக் கோயிலுக்குக் கொடுத்த காணிக்கை, அந்தக் கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது.

அடுத்த ஆண்டு, 1014இல், மாமனார் மறைந்தார். நான்கு ஆண்டு கழித்து மருமகனும் போய்விட்டான்.

* * *

குந்தவையின் நிலையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

தந்தை இல்லை. கணவன் இல்லை. அரண்மனைக்குள்ளேயே இன்னோர் அரசி, அவளுக்கும் பட்டத்துக்கு உரிமை கேட்கிற மகன். குந்தவைக்கு இருந்தது ஒரே பற்றுக்கோடு, பிறந்த வீடு. அங்கே இப்போது தம்பியோ அண்ணனோ யார் இருந்தாலும் போதாது. படை வைத்திருக்கிற சகோதரன் வேண்டும். இருந்தான். அவள் அண்ணன் ராஜேந்திரன்தான் சோழநாட்டின் அரியணையில்.

ஆனால் விஜயாதித்தனும் அநாதையாக நிற்கவில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு பேரரசு நின்றது.

* * *

கல்யாணி.

இன்றைய கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் பசவகல்யாண் என்று இருக்கிற ஊர். அதைப் பிற்காலத்தில் தலைநகராகக் கொண்டவர்கள் மேலைச் சாளுக்கியர். வேங்கியை ஆண்டவர்கள் கீழைச் சாளுக்கியர். பெயரிலேயே உறவு தெரிகிறது. ஆனால் அந்த உறவு நல்லுறவு அல்ல, பங்காளி உறவு.

நானூறு ஆண்டு பின்னால் போக வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் வாதாபியை ஆண்ட இரண்டாம் புலிகேசி, கிழக்குக் கடற்கரையை வென்று, தம்பி குப்ஜ விஷ்ணுவர்தனனிடம் ஒப்படைத்தான். தம்பியின் வழி அங்கேயே தனி அரசாக நிலைத்துவிட்டது. அண்ணன் வழியை ராஷ்டிரகூடர்கள் எட்டாம் நூற்றாண்டில் அழித்தார்கள். இருநூறு ஆண்டு கழித்து, 973இல், தைலபன் என்பவன் ராஷ்டிரகூடரைக் கவிழ்த்து, ‘பழைய வாதாபிச் சாளுக்கியரின் வாரிசு நான்’ என்று எழுந்தான்.

973. வேங்கியில் தானார்ணவன் கொல்லப்பட்டதும் அதே ஆண்டு. மேற்கே ஒரு சாளுக்கியக் குடும்பம் எழுந்து நிற்க, கிழக்கே இன்னொன்று வீடிழந்து ஓடியது.

மேலைச் சாளுக்கியர் பார்வையில் வேங்கி எப்போதோ தம்பிக்குப் பிரித்துக் கொடுத்த குடும்ப நிலம். அதில் தெற்கேயிருந்து வந்த சோழன் பெண்ணைக் கொடுத்துக் கால் ஊன்றுவதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. பங்காளி நிலத்தில் சம்பந்தி வந்து வேலி போட்டால் நம் ஊரில் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

1006இல் தைலபனின் மகன் சத்யாசிரயன், பயலநம்பி என்ற தளபதியை வேங்கிக்கு ஏவினான். அவன் தரணிக்கோட்டையையும் யனமதலக் கோட்டையையும் எரித்துச் சாம்பலாக்கினான். ராஜராஜன் நேரே வேங்கிக்குப் போய் மோதவில்லை. மகன் ராஜேந்திரனை மேற்கே, எதிரியின் வீட்டுக்குள்ளேயே அனுப்பினான். 1007ஆம் ஆண்டு ஹோட்டூர்க் கல்வெட்டு, சோழன் ஒன்பது லட்சம் பேருடன் வந்து நாட்டைச் சூறையாடினான் என்று புலம்புகிறது. அடிபட்டவர்கள் சொன்ன கணக்கு, கூடக்குறைய இருக்கலாம். ஆனால் வைத்தியம் பலித்தது. வேங்கியை விட்டுச் சாளுக்கியப் படை திரும்பியது.

அதாவது குந்தவையின் வாழ்க்கையில் 1018 முதல் நெருக்கடி அல்ல. அண்ணன் ஏற்கெனவே ஒருமுறை அந்த நாட்டுக்காக வாளெடுத்தவன்.

* * *

ஒரு கேள்வி எழலாம். ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்த நாட்டுக்காகச் சோழர்கள் ஏன் இத்தனை படை, இத்தனை பணம் செலவழித்தார்கள்? பாசமா?

பாசம் இருந்திருக்கும். ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் நடுவே கிடக்கிற அந்தக் கழிமுகம், தஞ்சையைப் போலவே நெல் விளையும் வண்டல் மண். அதன் கடற்கரை முழுக்கத் துறைமுகங்கள். அதற்கு வடக்கே கலிங்கம், கலிங்கத்தைத் தாண்டினால் கங்கை. மேற்கே கல்யாணி. வேங்கி சோழன் பக்கம் இருந்தால் சாளுக்கியன் கிழக்குக் கடலைத் தொட முடியாது. சாளுக்கியன் பக்கம் போனால் சோழநாட்டின் வடக்கு வாசல் திறந்து கிடக்கும்.

கோட்டை கட்டி அதைக் காக்கலாம். தளபதியை வைத்துக் காக்கலாம். ஆனால் தளபதி மாறுவான், கோட்டை எரியும். அந்த நாட்டின் அரசனே தன் பேரனாக இருந்தால்? ராஜராஜன் போட்ட கணக்கு அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டிய கணக்கு. காத்திருந்தான், ஆனால் பேரன் பட்டமேறுவதைப் பார்க்க அவன் உயிரோடு இல்லை.

* * *

இந்த இடத்தில் நம் மூலனூர்க்காரர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கம் கொங்கு வேளாளர் கல்யாணம் ஒன்றுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். தாலி கட்டுவதற்கு முந்தியே இணைச்சீர் நடக்கும். அருமைக்காரர் முன்னே நின்று நடத்த, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பது மணப்பெண் அல்ல, அவனுடைய அக்காவோ தங்கையோ. பேழைமூடி அவளிடம் இருக்கும். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு தம்பியிடம், மறுதலைப்பு அக்காவிடம். நீ வேறு வீட்டுக்கு வாழப்போனாலும், எனக்குக் கல்யாணமாகி வேறொருத்தி இந்த வீட்டுக்கு வந்தாலும், நமக்குள் அறுபடாது; உன் பிள்ளைக்கு என் பிள்ளை உரிமை. சொல்லாமல் சொல்லுகிற சீர் அது. அந்த உரிமையை மதிக்காததால் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் நம் ஊர்ப் பருத்தி ஏலத்துக்கு வருகிறவர்களில் எத்தனையோ உண்டு.

ராஜேந்திரனும் குந்தவையும் அப்படி ஒரு சேலையின் இரண்டு தலைப்பைப் பிடித்த அண்ணன் தங்கை. அண்ணனுக்கு அம்மங்கை என்று ஒரு மகள். தங்கைக்கு ராஜராஜன் என்று ஒரு மகன். மாமன் மகள், அத்தை மகன். ‘சொந்தம் விட்டுப்போகக் கூடாது’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தப் பேச்சு அன்றைக்கு கங்கைக் கரை வரைக்குமான அரசியலாக இருந்தது.

அந்தக் காலத்தில் நம் கொங்கு நாடும் சோழர் ஆட்சியில்தான் இருந்தது. கல்வெட்டுகளில் அதற்கு அதிராசராச மண்டலம் என்றே பெயர்.

* * *

1018க்குத் திரும்புவோம்.

கல்யாணிச் சாளுக்கியரின் அரியணையில் இப்போது இரண்டாம் ஜெயசிம்மன். விமலாதித்தன் இறந்த செய்தி அவனுக்கு நல்ல வாய்ப்பாக வந்தது. மேற்கே துங்கபத்திரையைத் தாண்டி பெல்லாரிப் பக்கம் சோழர் நிலத்தில் புகுந்தான். கிழக்கே விஜயாதித்தனுக்குத் தோள் கொடுத்தான். கிருஷ்ணைக் கரையில் இருந்த பெஜவாடா, இன்றைய விஜயவாடா, அவன் பக்கத்தவர் கைக்குப் போனது.

விஜயாதித்தனை வில்லன் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. பலர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அவனும் விமலாதித்தன் மகன்தான். அதே அரண்மனையில் வளர்ந்தவன். வேங்கிப் பிரபுக்களில் சிலருக்குத் தஞ்சாவூரைப் பார்த்துத் தலையாட்டுகிற அரசனைவிட அவன் நம்மவனாகத் தெரிந்திருக்கலாம். அவன் கேட்டது தன் தகப்பன் சொத்தில் பங்கு. கேட்ட இடம்தான் தவறு. பங்காளி கொடுக்கும் உதவிக்கு என்ன விலை என்று அவனுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

குந்தவையின் மகனுக்கு அப்போது பட்டம் கட்ட முடியவில்லை. உரிமை இருந்தது, நாடு கையில் இல்லை.

* * *

ராஜேந்திரன் என்ன செய்தான்?

அவன் கையில் அப்போது வேலை ஏராளம். ஈழத்தில் 1017ஐ ஒட்டித்தான் போர் முடிந்திருந்தது; பாண்டியர் முன்பு அங்கே ஒப்படைத்து வைத்திருந்த முடியைக் கொண்டுவந்திருந்தான். தெற்கே பாண்டிய நாடு, மேற்கே சேர நாடு, இரண்டையும் தன் பிடிக்குள் நிறுத்த வேண்டியிருந்தது. வடக்கே தங்கை மகனுக்காக உடனே ஓட அவனால் முடியவில்லை.

ஆனால் மறக்கவில்லை. 1020, 1021இல் அவன் படை இரண்டு கையாகப் பிரிந்து நகர்ந்தது.

ஒரு கை மேற்கே. ரட்டபாடி என்று சோழர்கள் அழைத்த சாளுக்கிய நாட்டுக்குள் புகுந்து, முசங்கி என்ற இடத்தில் ஜெயசிம்மனை நேருக்கு நேர் சந்தித்தது. முசங்கி என்பது இன்றைய ராய்ச்சூர் மாவட்டத்து மஸ்கி. அசோகரின் சொந்தப் பெயரே பொறித்த பாறைக் கல்வெட்டு கிடைத்ததே, அதே ஊர். அங்கே ஜெயசிம்மன் புறமுதுகிட்டு ஓடினான் என்றும், அளவில்லாத செல்வம் கிடைத்தது என்றும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி பெருமையாகச் சொல்கிறது. மெய்க்கீர்த்தியில் மன்னர்கள் தோற்பதே இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நிலம் முழுதாகச் சோழர் வசம் தங்கவில்லை. சில ஆண்டில் துங்கபத்திரைதான் எல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் முசங்கி ஒரு வேலையைச் செய்தது. ஜெயசிம்மனின் கவனம் முழுக்கச் சொந்த வீட்டுப் பக்கம் திரும்பியது. விஜயாதித்தனுக்குக் கொடுத்த தோள் விலகியது.

இரண்டாவது கை கிழக்கே. அதற்குத் தலைவன் அரையன் ராஜராஜன். விக்கிரமசோழச் சோழியவரையன் என்று பட்டம் பெற்றவன். இவன் வருகிறான் என்று கேட்டதுமே வேங்கியை வைத்திருந்தவன் ஓடிப்போனான் என்கிறது கல்வெட்டு.

1007இல் தகப்பன் கற்றுக்கொடுத்த அதே பாடம். வேங்கியைக் காக்க வேண்டுமானால் கல்யாணியின் கதவைத் தட்டு.

* * *

பாதை திறந்தது. நாள் குறித்தார்கள்.

சக ஆண்டு 944. சூரியன் சிம்ம ராசியில் இருக்கிற மாதம், நமக்கு ஆவணி. தேய்பிறைத் துவிதியை. உத்திரட்டாதி நட்சத்திரம். வியாழக்கிழமை. ஆங்கிலக் கணக்கில் 1022 ஆகஸ்ட் 16.

தகப்பன் முடிசூடியதும் வியாழக்கிழமை, மகன் முடிசூடியதும் வியாழக்கிழமை. குருவின் கிழமை நல்லது என்று இரண்டு முறையும் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள்.

இத்தனை துல்லியமாக நமக்கு எப்படித் தெரிகிறது? கோருமெல்லியில் கிடைத்த செப்பேட்டால். வேங்கி மன்னர்களின் செப்பேடுகள் நம் பெரிய கோயில் கல்வெட்டுப் போலச் சுவரில் இருப்பவை அல்ல. கையில் எடுத்துப் பார்க்கலாம். நீளவாட்டில் வெட்டிய செப்புத் தகடுகள். ஓரத்தில் துளை போட்டு ஒரு கனத்த வளையத்தில் கோத்திருப்பார்கள். வளையம் சேருகிற இடத்தில் முத்திரை. அதில் சாளுக்கியரின் பன்றி, யானைப்பாகன் கையில் வைத்திருக்கிற அங்குசம், ‘ஸ்ரீ திரிபுவனாங்குச’ என்ற எழுத்து. மூன்று உலகத்துக்கும் அங்குசம் போன்றவன் என்று பொருள். வளையத்தை அறுக்காமல் நடுவில் ஒரு தகட்டைச் செருகவோ உருவவோ முடியாது. அன்றைய பத்திரப்பதிவு அது.

அந்தத் தகடுகளில் வம்ச வரிசை பிரம்மாவிலிருந்தும் சந்திரனிலிருந்தும் தொடங்கி, பெரும்பாலும் ஆண்கள் பெயராக அடுக்கிக்கொண்டே வருகிறது. யார் மகன் யார், யார் எத்தனை ஆண்டு ஆண்டான். பெண்கள் அரிதாகவே வருகிறார்கள். விமலாதித்தனிடம் வந்ததும் நடை மாறுகிறது. அவன் மனைவி குந்தவை, சூரிய குலத்து ராஜராஜனின் மகள், ராஜேந்திர சோழனின் தங்கை என்று எழுதி, அவர்கள் மகன் இந்த மன்னன் என்று நிறுத்துகிறது.

மகள். தங்கை. தாய். தாத்தா பெயரையும் மாமன் பெயரையும் வேங்கி மன்னன் ஏன் தன் பத்திரத்தில் ஏற்ற வேண்டும்? விஜயாதித்தனும் அதே தகப்பனின் மகன். தகப்பன் வழியில் இருவருக்கும் ஒரே உரிமை. ராஜராஜனுக்குக் கூடுதலாக இருந்தது அம்மா. அவளைப் பெற்ற வீடுதான் அந்த நான்கு ஆண்டு வழக்கில் தீர்ப்பெழுதியது. அதைச் செப்பில் வெட்டி வைத்தான் மகன். அம்மாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை அந்தக் காலத்து அரசன் ஒருவன் செய்திருக்க முடியாது.

வரலாற்றில் அவன் பெயர் ராஜராஜ நரேந்திரன்.

* * *

முடிசூட்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது கல்யாணம். ராஜேந்திரன் மகள் அம்மங்கை தேவியை ராஜராஜ நரேந்திரன் மணந்தான். தாய்மாமன் மகள், அம்மங்கைக்கு மாமியாரே அத்தை.

குந்தவை வேங்கிக்கு வந்தபோது அவளுக்கு அங்கே யாருமில்லை. நாடிழந்து வந்த ஒருவனின் கையைப் பிடித்து, அவன் நாடு திரும்பக் கிடைத்த கையோடு வந்தவள். அம்மங்கை வந்தபோது வாசலில் அத்தை இருந்தாள். ஒரே வீட்டில் பிறந்து, ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்கள். இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து என் மனத்தில் அதிகம் தங்குவது இந்த இருவர்தான். ராஜேந்திரனின் கடற்படை கடாரத்துக்குப் போனதைப் பற்றி நம்மிடம் எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. தங்கையும் மகளும் கோதாவரிக் கரையில் அவனுக்காகப் பிடித்துவைத்த நாட்டைப் பற்றி எத்தனை இருக்கின்றன?

இத்தனைக்கும் அடுத்து நடந்தது அந்த நாடு இல்லாமல் நடந்திருக்காது. வேங்கி கைக்கு வந்ததும் சோழப்படை வடக்கே கலிங்கம் வழியாக ஒட்டர நாடு, தண்டபுத்தி, வங்காளம் என்று கங்கை வரை போனது. திருவாலங்காட்டுச் செப்பேடு ஒரு காட்சியைச் சொல்கிறது. ராஜேந்திரன் தானே புறப்பட்டு வந்து, கங்கை நீரோடு திரும்பிய படையைக் கோதாவரிக் கரையில் எதிர்கொண்டான். கோதாவரிக் கரை யார் நாடு? தங்கை மகன் நாடு. அந்த நீர்தான் தெற்கே வந்தது. கங்கைகொண்ட சோழபுரம் எழுந்தது. அரியலூர்ப் பக்கம் போகிறவர்கள் அந்தக் கோயில் விமானத்தைப் பார்க்கும்போது, அதற்கான வழி வேங்கி வழியாகப் போய்வந்தது என்பதையும் நினைக்க வேண்டும்.

ராஜராஜ நரேந்திரன் மாமனின் கைப்பிள்ளையாக மட்டும் இருந்துவிடவில்லை. அவன் கேட்டுக்கொண்டதால்தான் நன்னய்யர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். ஆதி பருவம், சபா பருவம், ஆரணிய பருவத்தில் ஒரு பகுதி அவர் பாடியவை. தெலுங்கர்கள் தங்கள் முதல் கவி என்று வணங்குகிறவரை ஆதரித்தவன், தமிழ்ப்பெண் பெற்ற பிள்ளை. ஆந்திரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும். நம்மிடம்தான் அதிகம் பேர் அறியவில்லை.

* * *

அரச குடும்பத்துப் பெண்ணை அயல்நாட்டில் கட்டிக்கொடுத்து அரசியல் செய்வது தஞ்சாவூரின் தனி வழக்கமும் அல்ல. குந்தவையின் காலத்துக்கு நூறு ஆண்டு கழித்து, 1110இல், இங்கிலாந்து மன்னன் முதலாம் ஹென்றி தன் மகள் மட்டில்டாவை ஜெர்மனிக்கு அனுப்பினான். அவளுக்கு எட்டு வயது. மாப்பிள்ளை அங்கே பேரரசனாகப் போகிறவன். 1120இல் அவள் தம்பி கப்பல் மூழ்கி இறந்தான். 1125இல் கணவன் இறந்தான். தந்தை அவளைத் திரும்ப அழைத்து வாரிசாக்கினார். 1135இல் தந்தை மறைந்ததும் உறவுக்காரன் ஸ்டீபன் முந்திக்கொண்டு முடிசூடினான். மட்டில்டா தானே படை திரட்டிப் போரிட்டாள். அவளால் முடிசூட முடியவில்லை. 1154இல் அவள் மகன் இரண்டாம் ஹென்றி, அம்மாவின் உரிமையைச் சொல்லித் தாத்தாவின் அரியணையில் உட்கார்ந்தான்.

அயலூருக்குப் போன மகளின் வயிற்றில் பிறந்தவன் தாத்தா வீட்டு அரியணைக்கு வருவது. இதே திருப்பம் நம் கதையிலும் காத்திருக்கிறது. இங்கிலாந்தில் அது நடப்பதற்கு எண்பது ஆண்டு முந்தியே சோழநாட்டில் நடந்துவிட்டது. அம்மங்கைக்குப் பிறந்த பையனுக்கும் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயரைத்தான் வைத்தார்கள்: ராஜேந்திரன். அவன் யாராக வளர்ந்தான் என்பது பரணி படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன் அவன் குடும்பம் ஒரு பெரிய அடியைத் தாங்க வேண்டியிருந்தது.

* * *

1022இல் விஜயாதித்தன் ஓடினான். ஒழியவில்லை.

ஒன்பது ஆண்டு பொறுத்திருந்தான். 1031இல் திரும்பி வந்தான். வேங்கி அரியணையில் உட்கார்ந்து, தனக்கென்று முடிசூட்டு விழா நடத்தி, தன் பெயரில் செப்பேடும் வெட்டினான். குந்தவையின் மகனும், சோழ மன்னனின் மருமகனுமான ராஜராஜ நரேந்திரன், மாமன் கட்டிய பட்டத்தை இழந்து நின்றான்.

செய்தி கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனது. முன்பு தங்கை. இப்போது பெற்ற மகள். ராஜேந்திரன் மறுபடியும் படை அனுப்பினான். இந்த முறை எதிரி கேட்டவுடன் ஓடவில்லை. நின்றான்.

கொல்லேறு ஏரியின் பக்கம் கலிதிண்டி என்று ஓர் ஊர். அந்த மண்ணில் இரண்டு படையும் மோதின. பிற்பாடு ராஜராஜ நரேந்திரன் அதே ஊரில் சிவன் கோயில்கள் எழுப்பி, அவற்றுக்கு நிலம் எழுதிவைத்தான். ஒன்றல்ல, மூன்று. மூன்றும் சோழநாட்டிலிருந்து வந்த மூன்று தளபதிகளின் பெயரால் எழுந்தவை. அவர்களில் ஒருவன் மிலாடுடையான். நம் திருக்கோவலூர்ச் சீமைக்காரன்.

வென்ற தளபதிக்கு மன்னன் ஊர் கொடுப்பான், பொன் கொடுப்பான், பட்டம் கொடுப்பான். கோயில் கட்டுவது எதற்கு? கலிதிண்டியில் அன்றைக்கு என்ன நடந்தது?

(தொடரும்)